தேவதாரு கேட்ட தவணை

மரங்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், கோடாலியோடு யார் வந்தாலும், ஆயுசு முடிந்த மரமே "என்னை எடுத்துக்கோ" என்று குரல் கொடுக்கும். வெட்டுகிறவன் அதை மட்டும் வெட்டுவான். அகன்ற இலை நாவலும் ஊசியிலைத் தேவதாருவும் கலந்து நின்ற மலைக்காடு அப்படித்தான் குறையாமல் இருந்தது.

அங்கே காடன் என்று ஒரு மரம்வெட்டி. அவன் மனைவி சடைச்சிக்கு நிறைமாதம். மழைக்குள் கூரை போட்டாக வேண்டும், உத்தரம்தான் பாக்கி.

"என்னை எடுத்துக்கோப்பா, எனக்கு வயசாயிடுச்சு" என்றது கோணிப்போன ஒரு கிழட்டு நாவல். காடனோ கோணலைக் கண்டாலே முகம் சுளிக்கிறவன்.

"உன்னை ஏத்தினா ஊரே சிரிக்கும்" என்றான்.

பக்கத்தில், பனிமூட்டத்தில் பாதி மறைந்து, நெடுநெடுவென்று ஒரு தேவதாரு. அந்தச் சரிவில் காய்த்தது அது ஒன்றுதான். காடன் கோடாலியோடு அதன் பக்கம் திரும்பினான்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணா. என் காய் இன்னும் வெடிக்கல. பிள்ளைங்க மண்ணுல இறங்கட்டும். அப்புறம் நானே கூப்பிடறேன்."

"எனக்கும் பிள்ளை வருதே" என்று சொல்லிக் காடன் வெட்டினான். தேவதாரு சாய்ந்தது.

"நாங்க சொன்னதை நீ கேக்கல. இனிமே நாங்க சொல்லவும் மாட்டோம்" என்றது நாவல். அதோடு காடு வாயை மூடிக்கொண்டது.

உத்தரம் ஏறியது. பெண் குழந்தை பிறந்தது. சடைச்சி தேவதாருவின் மூடிய காய்களைத் தொட்டிலுக்கு மேல் கட்டித் தொங்கவிட்டாள். மழைக்காலம் முழுக்கக் குழந்தை அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வெளியே சரிவில் ஒரு தேவதாருக் கன்றுகூட முளைக்கவில்லை. காடன் மரம் மரமாகப் போய், "அடுத்தது யாரு?" என்று கேட்டுப் பார்த்தான். பதில் இல்லை. எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியாமல் பயந்துபோய்த் திரும்பினான்.

ஒரு மத்தியானம் அடுப்புச் சூட்டில் காய்கள் வெடித்தன. இறக்கை வைத்த விதைகள் மிதந்து மிதந்து குழந்தையின் மேல் இறங்கின. உத்தரத்திலிருந்து ஒரு சொட்டுப் பிசின் காடனின் கையில் விழுந்தது. அவன் அழுதுவிட்டான்.

"அழுதது போதும், எழுந்திருங்க. இதுங்களுக்கும் ஒரு தொட்டில் வேணும்" என்றாள் சடைச்சி.

விதைகளை மடியில் கட்டிக்கொண்டு போய்க் கிழட்டு நாவலின் நிழலில் ஊன்றினார்கள். காடன் கோடாலியின் பின்புறத்தால் நாவலை மெல்லத் தட்டி, அடிமரத்தில் காது வைத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான். நாவல் பேசவில்லை. ஆனால் கன்றுகள் முளைத்தன.

காய் வெடிக்காத தேவதாருவை மரம்வெட்டிகள் தொடாமல் போவது அன்று முதல்தான். எந்த மரத்தையும் தட்டிக் காது வைத்த பிறகே கோடாலியை ஓங்குவதும் அன்று முதல்தான். இதுவரை ஒரு மரமும் பதில் சொன்னதில்லை. கேட்பதை அவர்களும் விட்டதில்லை.