முகட்டில் கூடிய சபை

அரிகேது மகாராஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அன்று காலை அது மிளகாய்ப் பழமாக இருந்தது. பார்த்ததுமே வடுகநாதன் தூணோரமாக ஒதுங்கி நின்றான்.

வடுகநாதன் கிழக்குக் காட்டின் காவலன். மலைக்கு அந்தப் பக்கத்து மேற்குக் காட்டுக்குக் காவல் மார்த்தாண்டன். மகாராஜா இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். மேற்கே நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். கிழக்கேயோ உடைமுள்ளும் கள்ளியும். யானை மறைய ஒரு புதர் கிடையாது. எல்லாம் தன் கைராசி என்றும், கிழக்கே காவலன் தூங்குவதால்தான் காடு தேறவில்லை என்றும் மார்த்தாண்டன் வழியெல்லாம் பக்குவமாக ஓதிவைத்திருந்தான்.

தீர்ப்பு சட்டென்று வந்தது. மேற்குக் காட்டை வளர்த்தவன் காலுக்குப் பொற்கழல். கிழக்குக் காட்டை வாட விட்டவன் காலுக்கு இரும்பு விலங்கு.

ஆடு கடிக்காமல் ஒவ்வொரு உசிலமரக் கன்றையும் சுற்றி முள் கட்டியவன் வடுகநாதன். கன்று இடுப்புயரம் வருவதற்குள் அவன் தலை நரைத்துவிட்டது. பாவம், அதைச் சபையில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்போது சொக்கப்பர் எழுந்தார். மந்திரிகளிலே குறும்புக்காரர். இவ்வளவு அருமையான தீர்ப்பை நாலு சுவருக்குள் நிறைவேற்றலாமா, இரண்டு காடும் சேருகிற மலைமுகட்டில் வைத்துக்கொள்ளலாமே, ஆனி மாதத்துக் காற்றும் சுகமாக இருக்குமே என்றார். ஊர்வலம் என்றால் மகாராஜாவுக்கு உயிர். தட்டான், கொல்லன் உட்பட சபையே கிளம்பியது.

கிழக்குச் சரிவில் புழுதி தின்றுகொண்டே ஏறினார்கள். முகட்டில் மகாராஜாவை மேற்கே பார்த்து உட்காரவைத்தார் சொக்கப்பர். கடல் பக்கமிருந்து வந்த மேகம் மலையில் முட்டியது. அடுத்த கணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குடை மடங்கிப்போய், கிரீடத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. சொக்கப்பரோ கிழக்கே கூப்பிடு தூரம் இறங்கி, வெயிலில் தீர்ப்போலையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இங்கே வாருங்கள், மகாராஜா. இங்கே ஓலை நனையாது."

மகாராஜா இறங்கி வந்தார். ஒரு தூறல்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தால், மேகம் மழையை முகட்டுக்கு அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த மழையைப் பெய்ய வைப்பது நீதானா என்று மார்த்தாண்டனைக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். உனக்கு எவ்வளவு மழை என்று வடுகநாதனைக் கேட்டார்.

"ஐப்பசியில நாலு நாள், மகாராஜா. அதை வச்சுக்கிட்டுதான் வருஷம் பூரா எல்லாம் உசிரோட நிக்குது."

மகாராஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் சொன்ன தீர்ப்பை மாற்றுவது எப்படி என்று முனகினார்.

"மாற்றவே வேண்டாம்," என்றார் சொக்கப்பர். "மேற்கை வளர்த்ததும் கிழக்கை வாட விட்டதும் இந்த மலைதான். மேற்குக் காலுக்குக் கழல், கிழக்குக் காலுக்கு விலங்கு. தட்டானும் கொல்லனும் அளவெடுக்கக் கயிற்றோடு இறங்கிவிட்டார்கள். மலையைச் சுற்றித் திரும்பி வர ஆறு மாதமாவது ஆகுமாம்."

நனைந்த மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குனிந்து, தம் காலில் கிடந்த கழலைத் தாமே கழற்றி வடுகநாதனிடம் நீட்டினார்.

"அவர்களைத் திரும்பக் கூப்பிடும், சொக்கப்பரே. நாலு நாள் மழையில் ஒரு காட்டையே காப்பாற்றியவன் கால் இதோ இருக்கிறது. அளவும் சின்னது."