தொழுவத்தில் கிடைத்த துப்பாக்கி

மலையடிவாரத்துப் பண்ணையார் கருணாகரன், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் மான் வேட்டையாடி வந்தார். ஒருநாள் போலீஸ் வந்து, அவர் மாட்டுத்தொழுவத்து வைக்கோலுக்குள்ளிருந்து அந்தத் துப்பாக்கியை உருவியது.

"எனக்கு எதுவும் தெரியாது. சாணி அள்ளுற பூவாத்தாளோடதா இருக்கும்," என்றார் பண்ணையார், அவளை முறைத்தபடி.

"லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா வருசக்கணக்கில் ஜெயில், தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டர் அவளை அதட்டினார்.

பூவாத்தாள் கும்பிட்டாள். "அய்யா சொன்னா என்னுதுதானுங்க. ஆனா உள்ளே தோட்டா போட்டுட்டேனுங்க, எடுக்கத் தெரியல. எப்ப வேணா வெடிச்சிருமுங்க!"

"எல்லாரும் படுங்க!" என்று கத்திக்கொண்டே இன்ஸ்பெக்டர் சாணியில் குப்புற விழுந்தார். கஞ்சி போட்ட வேட்டியோடு நின்ற பண்ணையாருக்கு எரிச்சல் பொங்கியது.

"நான் எதுக்குய்யா படுக்கணும்? இவளுக்கு ஏது தோட்டா? அத்தனையும் என் பீரோவுல இருக்கு. நேத்து நானே கழற்றிப் பூட்டினேன்!"

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்து கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க. துப்பாக்கி, தோட்டா ரெண்டுக்கும் சேர்த்தே உள்ளே போகலாம்."

பண்ணையாரை ஜீப்பில் ஏற்றிவிட்டு, "அப்போ துப்பாக்கி உன்னுது இல்லையா?" என்று பூவாத்தாளிடம் கேட்டார்.

"மொதல்ல இந்தப் பூவாத்தாளுதுன்னாருங்க, ஆமான்னேன். இப்ப அவருதுன்னுட்டாரு. மொதலாளி பேச்சை நான் என்னைக்குங்க மீறியிருக்கேன்?"