பேர் கேட்ட வானொலி

கடற்கரை ஊரொன்றின் சமுதாய வானொலியில், ஜெனோவாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார் கதிரேசன். ஜெனோவாவைவிடப் பத்து வயது மூத்தவர். பட்டணத்து விளம்பர நிறுவனமொன்றில், சோப்புக்கும் தேயிலைக்கும் பேர் வைத்தே காலம் தள்ளியவர்.

இங்கே அவருக்கு ஒரே மனக்குறை. ஒலிபரப்பு தொடங்கி ஒரு வருஷமாகியும் ‘வெண்சங்கு வானொலி’ என்ற பேர் ஊரில் யார் வாயிலும் வரவில்லை.

அன்று காலை கேட்டேவிட்டார்.

“மேடம், ஒரு வானொலியோட பேரு கேக்கிறவங்க மனசுல எப்படி நிக்கும்?”

ஜெனோவா வானிலை அறிக்கையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“காத்து வலுக்குதுண்ணே. கிட்டத்துல தொழில் பாக்குற வள்ளங்களைக் கரைக்கு வரச் சொல்லணும். மைக்குக்கு வாங்க.”

கதிரேசன் அறிவித்தார். எச்சரிக்கைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, வானொலியின் பேரை அழுத்திச் சொன்னார். ஜெனோவா தடுக்கவில்லை.

பாட்டு ஓடும்போது போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

“ரேடியோவாய்யா? உங்க ரேடியோ பேரு தெரியல, பக்கத்து வீட்டுல நம்பர் வாங்குனேன். எங்க வீட்டுக்காரர் இன்னும் கரை வரல. செல்லு எடுக்கல. வள்ளத்துல ரேடியோ மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.”

கதிரேசன் போனைக் கையால் பொத்தினார். முகம் வாடிப்போயிருந்தது.

“நம்ம பேரே தெரியாதாம் மேடம்.”

“அவங்க வீட்டுக்காரர் பேரைக் கேளுங்க.”

கேட்டார். ஜெனோவா பாட்டைப் பாதியில் நிறுத்தி, வானிலை அறிக்கையை அவர் முன்னால் தள்ளினார்.

“அருளப்பன், உங்க வீட்டுல கிளாரா பயந்துபோயிருக்காங்க. முகத்துவாரத்துல அலை பெருசா இருக்கு, அந்தப் பக்கம் வராதீங்க. தெற்க சுத்தித் துறைமுகத்துக்கு வந்துருங்க.”

திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல, குரலில் இருந்த விளம்பர மிடுக்கு கரைந்துபோனது. அதைக் கேட்டு வேறு வீடுகளிலிருந்தும் போன் வந்தது. அந்தப் பேர்களையும் கூப்பிட்டார். தொண்டை கட்டியது.

மத்தியானம் கிளாரா மறுபடி பேசினாள்.

“வந்துட்டாருய்யா. நீங்க பேரு சொல்லிக் கூப்பிட்டது கேட்டுச்சாம்.”

“சந்தோஷம்மா” என்றார் கதிரேசன். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம வானொலி பேரைச் சொன்னீங்களாண்ணே?” என்று கேட்டார் ஜெனோவா.

“மறந்துட்டேன் மேடம்.”

ஜெனோவா மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் ரெண்டு பேரு கரை வரல. கூப்பிடுங்க.”