ஊசிப்பொட்டலில் விளைந்த விறகு

சிங்கமராசனுக்குச் சாப்பாட்டில் குறை இருந்தால் ஆகாது. அரண்மனை மடைப்பள்ளியில் பொழுதெல்லாம் அடுப்பு எரியும். எரிந்து எரிந்து, காட்டு விறகு இன்னும் இரண்டே ஆண்டுக்குத்தான் வரும் என்றாயிற்று.

"ஆற்றங்கரை மருத மரங்களை வெட்டிவிடலாம் அரசே!" என்றார் அமைச்சர் காரிமுத்தர்.

அவையில் சிரிக்கச் சிரிக்கப் பேசும் வேம்பனுக்குப் பகீரென்றது. அந்த மரங்களின் வேர்கள்தான் கரையைப் பிடித்து நிறுத்தியிருந்தன. கரை போனால் அவன் ஊரே வெள்ளத்தோடு போகும்.

"வேண்டாம் பிரபு, வேறு வழி உண்டு!" என்று எழுந்துவிட்டான். என்ன வழி என்று அவனுக்கே தெரியாது.

காரிமுத்தர் விடுவாரா? "அப்படியானால் ஊசிப்பொட்டலில் வேம்பனே விறகு விளைவிக்கட்டும். மரம் நடக் கூடாது. வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது."

ஊசிப்பொட்டல் என்றால் கள்ளிகூட வாடி நிற்கிற சரளைக்காடு. அரசர் மீசைக்குள் சிரித்தார். "இரண்டு மழைக்காலம் தருகிறேன் வேம்பா. தவறினால் முதல் மரத்தில் கோடாலி போடுவது நீதான்."

வேம்பன் பொட்டலைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு மூலையில் விழல் மட்டும் இடுப்பளவு நின்றது. பிடுங்கிப் பார்த்தான். புல் வரவில்லை, கைதான் அறுபட்டது.

"அடேயப்பா, என்ன பிடிவாதம்! நீதான் எனக்கேற்ற ஆள்" என்றான்.

வேரோடு தோண்டி எடுத்து, முதல் மழையிலேயே பொட்டல் முழுக்க நட்டான்.

"விழலுக்கு நீர் இறைத்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். விழலையே நடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறோம்!" என்று ஊரே சிரித்தது.

இரண்டாம் மழையும் போய்ப் பங்குனி வந்தது. புல் பொன்னாய்க் காய்ந்து நின்றது. வேம்பன் அதை அறுத்து, கட்டை போல இறுக்கி முறுக்கி, மடைப்பள்ளியில் கொண்டு சேர்த்தான்.

அன்று பெருவிருந்து. பாதிச் சாப்பாட்டில் அரசர் கேட்டார்: "வேம்பா, விறகு எங்கே?"

"இந்த விருந்தே அதில் சமைத்ததுதான் பிரபு. அத்தனையும் விழல்."

"ஆண்டுதோறும் நட வேண்டுமோ?"

"வேண்டாம். வேர் மண்ணுக்குள் இருக்கிறது. அடுத்த மழைக்குத் தானே எழும்."

காரிமுத்தர் இலையிலிருந்து நிமிர்ந்தார். "புல்லை நம்பியா அரண்மனை? புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது அரசே!"

வேம்பன் பணிவாகக் கைகட்டினான். "புலிக்குத்தான் புல் ஆகாது ஐயா, புளிக்கு ஆகும். புல்லில் வெந்த புளியோதரையைத் தாங்கள் மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினீர்களே!"

அரசருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மருத மரங்கள் தப்பின. வேம்பன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது. அடுத்த அறுப்புக்கு மேற்பார்வை காரிமுத்தர் என்று இலை எடுக்குமுன்பே உத்தரவும் ஆயிற்று.