இறக்கி வைத்த சுரூபம்

"சிஸ்டர், ஒரு ஆத்துமத்துல இருந்து விசுவாசம் அழிஞ்சு போகுமா?"

கேட்டவர் கஸ்பார் உபதேசியார். முப்பது வருடங்களாகப் பங்குக் கோயிலில் ஞானோபதேசத்தை, கேள்வியும் பதிலுமான அந்த வேதபாடத்தை, சொல்லிக்கொடுப்பவர். அவர் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தவர்கள்தான் ஊரில் பாதிப் பேர். அவரே ஒரு கேள்வியோடு வந்து நின்றது அன்றைக்குத்தான்.

பதில் சொல்ல வேண்டியவர் சிஸ்டர் ஜெனோவா. மறதி நோய் வந்தவர்களுக்கான இல்லத்தை நடத்துபவர். உபதேசியாரைவிட வயதில் சிறியவர். அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரோட ஆத்துமம்?"

"என் வீட்டுக்காரி பிரகாசி."

"என்ன செஞ்சாங்க?"

"போன ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை வாங்கினா. வாங்கின அப்பத்தை வாயிலேர்ந்து எடுத்துச் சாமியார் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டா. உப்பு இல்லையாம்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. கீரையை மட்டும் கீழே வைத்தார்.

"டாக்டர் அல்சைமர்ங்காரு. இருக்கட்டும். வீட்டை மறந்தா, பெத்த பிள்ளைங்க பேரை மறந்தா, என்னையும் மறந்தா. பொறுத்துக்கிட்டேன். ஆண்டவரை மறக்கலாமா? தினம் சாயங்காலம் உக்கார வச்சு ஞானோபதேசம் கேக்கேன். உன்னைப் படைச்சது யாருன்னு கேட்டா, அப்பா கடலுக்குப் போயிருக்காருன்னு சொல்லுதா. பசிச்சவனுக்குச் சோறு, உடுப்பில்லாதவனுக்குத் துணின்னு வருமே, அந்த இரக்கச் செயல்கள்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னேன். அதுவும் வரலை. என்கூடச் சேர்ந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தவ சிஸ்டர். நான் வரிசை தப்பினா அவதான் திருத்துவா."

"கேள்வி கேட்டா என்ன பண்ணுதாங்க?"

உபதேசியார் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் ஒளிஞ்சுக்கிடுதா."

"பயந்துக்கிட்டா?"

"அவ நல்லதுக்குத்தானே கேக்கேன்? விசுவாசம் இல்லாமச் செத்துட்டான்னா? மோட்சத்துல நான் மட்டும் போய் என்ன பண்ண?"

இதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கே கொண்டுவந்து விடுங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

"கேள்வி கேக்காம விட்டா, உள்ளதும் போயிருமே. நீங்க கேப்பீங்களா?"

"அவங்களுக்குக் கீரை ஆயத் தெரியுமா?"

உபதேசியாருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் மனைவியைக் கொண்டுவந்து விட்டார்.

தவக்காலம் முழுவதும் அவர் வரவில்லை. வந்துவிடக் கூடாது என்று தன்னைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார் என்பதே சரி.

பெரிய வெள்ளியன்று அவரால் முடியவில்லை. ஊரே வரிசையில் நின்று சிலுவை முத்தி செய்யும் நாள். எதை மறந்தாலும் உதடு முத்தம் கொடுக்க மறக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பிரகாசியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகக் கிளம்பி வந்தார்.

இல்லத்துச் செபக்கூடத்தில் முதலில் நுழைந்தார். முழங்கால் போடக் குனிந்தவர், அப்படியே நிமிர்ந்தார்.

சிலுவை இருந்தது. சிலுவையில் ஆள் இல்லை. ஆணி இருந்த இடத்தில் மூன்று ஓட்டைகள்.

"சிஸ்டர்! பாடுபட்ட சுரூபம் எங்கே?"

"இறக்கியாச்சு."

"யாரு இறக்குனது?"

"நான்தான். ஏணி போட்டு."

"பெரிய வெள்ளிக்கிழமை அதுவுமா வெறும் சிலுவையா? ஆயருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"ஆயருக்கு அப்புறம் சொல்லிக்கிடலாம். உங்க வீட்டம்மா வந்த அன்னைக்கு இங்கே நுழைஞ்சாங்க. நிமிர்ந்து பாத்தாங்க. ஒரே அலறல்."

"எதுக்கு?"

"முதல் தடவையாப் பாத்திருக்காங்க."

"முதல் தடவையா? அவ பிறந்ததுலேர்ந்து..."



"யாரு பெத்த பிள்ளையோ, ஆணி அடிச்சு வச்சிருக்காங்களே, இறக்குங்கன்னு ஒரே அழுகை. சோறு இறங்கலை. இது மரம்மான்னு சொல்லிப் பாத்தேன். கேக்கலை. இவரு ஆண்டவரும்மான்னு சொல்லிப் பாத்தேன். ஆண்டவரா இருந்தா மட்டும் தொங்க விடலாமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏணி எடுக்கப் போனேன்."

பிரகாசி பின்பக்க வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முழ நீளச் சுரூபம். பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். விரித்த கைகளில் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து உருவிவிட்டுக்கொண்டிருந்தாள். மரம் பளபளவென்று இருந்தது.

உபதேசியாருக்குள் இருந்த உபதேசியார் முழித்துக்கொண்டார்.

"பிரகாசி, மடியில இருக்கிறது யாரு? சொல்லு பாப்போம்."

அவள் சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாக ஒண்டினாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே முகம். ஆனால் இந்தத் தடவை தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. சுரூபத்தைத்தான் மறைத்தாள், அவரிடமிருந்து.

உபதேசியாருக்கு வெட்கமாக இருந்தது. தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது பெரிய கஷ்டம்.

நேரம் போனது. அவளாகவே பேசினாள்.

"கை மடங்க மாட்டேங்கு. ரொம்ப நாளா விரிச்சே வச்சிருந்தாங்கல்லா, மரத்துப்போச்சு. எண்ணெய் தேச்சா சரியாயிரும்."

"ம்."

"கஞ்சி குடுத்தேன். குடிக்கலை."

"ம்."

"உடம்புல துணியும் இல்லை. பாவம், குளிரும்லா?"

"குளிரும்" என்றார் உபதேசியார்.

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க இந்த ஊரா?"

"ஆமா."

"இவரு மேல தொங்கிக்கிட்டு இருந்ததைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"எப்போ?"

"சின்ன வயசுலேர்ந்து தினமும்."

"தினமுமா? பாத்துட்டு என்ன பண்ணுனீங்க?"

அவர் சொல்லிக்கொடுத்த புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை.

கோயிலில் மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. பெரிய வெள்ளியன்று மணி அடிக்க மாட்டார்கள்.

"உபதேசியாரே, முத்தி செய்ய நேரமாச்சு. கூட்டிக்கிட்டுப் போகலையா?" என்று வாசலிலிருந்து சிஸ்டர் கேட்டார்.

அவர் எழுந்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். இரண்டு கையாலும் பிரகாசியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான் சுத்துதேன். நீங்க தலையைத் தாங்கிப் பிடிங்க."

உபதேசியார் முழங்காலால் நகர்ந்து கிட்டே வந்தார். கையை நீட்டினார்.

"பாத்து" என்றாள் பிரகாசி. "முள்ளு இருக்கு. உங்க கையில குத்திரப் போகுது."