நழுவிய கைத்தடி

முன்பு ஒரு வீட்டில் ஒரு கைத்தடி இருந்தது. வேலமரம், பித்தளைப் பூண், தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம். ஜமீன் என்ற நாயும் அங்கே வளர்ந்தது. அதன் முதுகை அந்த வீட்டில் மிக நன்றாக அறிந்தது கைத்தடிதான்.

வீட்டுக்காரி குணவதிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தடி கைதவறி விழுந்தால் குனிந்து எடுக்க முடியவில்லை.

"ஜமீன் எடுத்துத் தரப் பழகட்டும். இல்லையென்றால் தானே நிற்கிற நாலு கால் தடி வாங்கிக்கொண்டு, இதை வெந்நீர் அடுப்பில் வைத்துவிடலாம்" என்றாள்.

கைத்தடிக்குப் பகீரென்றது. நாய்க்குப் போடும் பொரை இருந்த தகர டப்பாவிடம், "நாலு அடி போட்டால் இன்றைக்கே கற்றுக்கொள்ளும்" என்றது.

"எதை, ஓடுவதையா? அது ஏற்கெனவே தெரியும்" என்றது டப்பா. "நீங்கள் சும்மா கிடங்கள், அண்ணே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

குணவதி தடியைத் தரையில் போட்டாள். கட்டிலுக்கடியிலிருந்து ஜமீன் எட்டிப் பார்த்தது. டப்பா திறந்தது, ஒரு துண்டு பொரை.

"பார்த்ததற்கா?" என்று முனகியது கைத்தடி.

"அது பார்க்கும்படி அசையாமல் கிடந்தீர்களே. எல்லாராலும் முடியாது, அண்ணே."

பிறகு பார்த்தால் மட்டும் பொரை கிடையாது, கிட்டே வரவேண்டும். அப்புறம் மூக்கால் தொடவேண்டும், அப்புறம் கவ்வவேண்டும். ஒருநாள் பூண் தரையில் ணங்கென்று தட்ட, ஜமீன் கட்டிலுக்கடியில் போய்விட்டது. மறுபடி மூக்கிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் டப்பா அண்ணனின் அமைதியை ஒரு வார்த்தை மெச்சியது. கைத்தடி அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கத் தொடங்கியது, யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலை குணவதிக்கு வலி அதிகம். ஜமீன் தடியைக் கொண்டுவந்து, கொடுக்காமல் விளையாட்டாக இழுத்தது. அவள் பிடுங்கி ஓங்கினாள்.

"சனியனே, எத்தனை தடவை சொல்லித் தருவது?"

கைத்தடிக்கு அது பழகிய உயரம்தான். ஆனாலும் அது அவள் விரல்களிலிருந்து நழுவி, ஓசையில்லாமல் பாயில் விழுந்தது.

கட்டிலுக்கடியில் பதுங்கிய ஜமீன் பார்த்தது. மெல்ல வந்தது. தடியைக் கவ்வி அவள் உள்ளங்கையில் வைத்தது.

குணவதி டப்பாவைத் திறந்தாள். "புதுத் தடி எதற்கு? நாலு கால்தான் இங்கேயே இருக்கிறதே" என்றாள்.

"பார்த்தாயா, நாயைப் பழக்கிவிட்டோம்" என்றது கைத்தடி.

"நாய் சுலபம், அண்ணே. இன்னொருவரைப் பழக்கத்தான் நாளாயிற்று."

"யாரை?"

"அருமையான கேள்வி" என்றது டப்பா.

அன்று முழுவதும் கைத்தடிக்குப் பெருமை தாங்கவில்லை.