பொடி போடும் பெருச்சாளி

கொன்றையூரை ஆண்ட செண்பகராயருக்கு வெள்ளரிப் பிஞ்சு என்றால் உயிர். ஆனாலும் ராணியின் நோன்புப் படையல் முடியும்வரை அரண்மனைத் தோட்டத்துப் பிஞ்சை யாரும் தொடக்கூடாது என்று அவரே உத்தரவு போட்டிருந்தார்.

தோட்டக்காரி மாடத்தி கெட்டிக்காரி. கோரை முளைத்தால் கோரை விதையைச் சுட்டுச் சாம்பலைத் தூவுவாள். வண்டு வந்தால் நாலு வண்டைச் சுட்டுத் தூவுவாள். தன் இனத்துச் சாம்பல் கிடக்கும் மண்ணுக்கு எதுவும் திரும்பி வராது என்பது அந்த ஊர் நம்பிக்கை. கோரை போனது, வண்டும் போனது. பிஞ்சு மட்டும் தினமும் குறைந்தது.

"பெருச்சாளி வேலை, மகாராஜா! இவளுக்குத்தான் அக்கறை இல்லை" என்றார் தோட்ட அதிகாரி நஞ்சப்பர்.

மாடத்தி பெருச்சாளியையும் சுட்டுத் தூவினாள். ம்ஹூம், பலனில்லை.

"அமாவாசைக்குள் திருட்டு நிற்காவிட்டால் நீ ஊரை விட்டே போகவேண்டும்!" என்று ராஜா கத்தினார்.

மாடத்தி அழுதுகொண்டே அமைச்சர் அம்பலவாணரிடம் ஓடினாள். "சாமி, பொறந்த மண்ண விட்டு நான் எங்க போவேன்?"

அவர் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தார். காம்புகள் கத்தியால் அறுபட்டிருந்தன. வரப்பில் உப்பும் மிளகாய்ப்பொடியும் சிந்திக் கிடந்தன. கொடி மறைவில் இரண்டு பொருள்கள் கிடைத்தன. இரண்டையும் மடியில் செருகிக்கொண்டார்.

மறுநாள் நாவிதரோடு சபைக்கு வந்தார்.

"பெருச்சாளி அகப்பட்டது, மகாராஜா. உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்கிறது. தின்றுவிட்டு மூக்குப்பொடி வேறு போடுகிறது!"

வெள்ளிப் பொடி டப்பியை எடுத்து நீட்டினார். மூடியில் நஞ்சப்பர் பெயர் இருந்தது. சபை கொல்லென்று சிரித்தது.

"ஐயோ, என்னைச் சுடப்போகிறீர்களா?" என்று அலறினார் நஞ்சப்பர்.

"முழுசாக வேண்டாம். மீசை போதும்" என்றார் அம்பலவாணர்.

மீசை போனது. சாம்பல் தோட்டத்துக்குப் போனது. மாடத்தி மேல் குற்றமில்லை என்று தீர்ப்பும் ஆனது. பாவம், அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"அதுதான் முடிந்துவிட்டதே, நாவிதர் ஏன் இன்னும் நிற்கிறார்?" என்றார் ராஜா.

அம்பலவாணர் ராஜாவின் அருகில் போய், அவர் உள்ளங்கையில் ஒரு முத்து மோதிரத்தை வைத்தார். ராஜாவின் மோதிரம்தான்.

"தோட்டத்தில் இரண்டு பெருச்சாளி, மகாராஜா" என்றார் மெதுவாக.

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது. பிறகு அரண்மனையே அதிரும்படி சிரித்தார். மாடத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு, மோதிரத்தை அவளிடமே கொடுத்தார்.

"வைத்துக்கொள் தாயே. ராணியிடம் மட்டும் மூச்சு விடாதே!"